ஏழுதலைத் தாக்குதல்

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு மேக வழங்கல் வாரியத்தின் சர்வர் மறுபடியும் படுத்துக்கொண்டது. அது படுப்பது புதிதல்ல. மூன்று வாரமாகத் தினமும் ஒருமுறை படுத்து, மூச்சு வாங்கி, கோமதிநாயகம் தட்டி எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து, மறுநாள் வேறொரு நேரத்தில் மறுபடி படுத்தது.

வங்கக் கடலில் திரளும் மேகங்களைப் பறக்கும் எந்திரங்களால் மடக்கி, வேண்டிய ஊருக்கு ஓட்டிக்கொண்டுபோய் இறக்கும் வித்தை கைவந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வித்தை கைவந்த சூட்டோடு அதற்கொரு வாரியம், வாரியத்துக்கொரு கட்டடம், கட்டடத்துக்கொரு திறப்பு விழா எல்லாம் வந்துவிட்டன. மேகம் மட்டும் பழைய அளவுதான். ஆகவே ஊராட்சிகள் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடலில் மேகம் சிக்கச் சிக்க வரிசைப்படி அனுப்பப்படும். மழை வேண்டாம் என்று விண்ணப்பிக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. கல்யாண மண்டபக்காரர்கள் அதைத் தேய்த்தே விட்டார்கள்.

திறப்பு விழாவில் அமைச்சர், எழுதிக்கொடுத்த உரையைக் காரிலேயே மறந்துவிட்டு, வாய்க்கு வந்தபடி "முதலில் கேட்போர்க்கு முதல் மழை!" என்றார். கைதட்டல் பலமாக விழுந்ததால் அதுவே கொள்கையானது. வாரியத்தின் டீக் கோப்பைகளிலும் அச்சாகிவிட்டது. அச்சான பிறகு யார் மாற்றுவது?

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கோமதிநாயகத்துடையது. திருநெல்வேலிக்காரர். சர்வர் ஒழுங்காக ஓடும் நாளில் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. படுத்தால் மட்டும் அமைச்சர் வீட்டுச் சமையல்காரர்வரை அவர் பெயர் தெரிந்துவிடும்.

அன்று சர்வரை எழுப்பிவிட்டு அவர் கூட்ட அறைக்குப் போனபோது, டாக்டர் ஸ்ரீவத்சன் திரையை இழுத்துவிட்டுப் பேச ஆரம்பித்திருந்தார். இணையப் பாதுகாப்பில் வாரியத்தின் ஆலோசகர். மூன்று கண்டங்களில் படித்தவர்; அதை முதல் மூன்று வாக்கியங்களிலேயே சொல்லிவிடுவார்.

"திங்கள் காலை ஒன்பது. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வியாழன் மூணு. வெள்ளி பன்னிரண்டு. சனி பத்தரை. ஞாயிறு ஆறு." திரையில் ஏழு நிறங்களில் ஏழு கூர்முனைகள் நின்றன. "வாரா வாரம் இதே வரிசை. நிமிஷம் பிசகல. இப்படியொரு வரிசையை மனுஷ மூளை யோசிக்காது. இது அந்நிய நாட்டு எந்திர மூளை. இதுக்கு நான் 'ஏழுதலை நாகம்'னு பேர் வெச்சிருக்கேன்."

வாரியத் தலைவர் அம்பலவாணன் மேசையில் கை ஊன்றி முன்னால் சாய்ந்தார். "எந்த நாடு?"

"அதைக் கூட்டத்துல சொல்றது நல்லதில்ல சார்."

அறை சிலிர்த்தது. கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். "ஒரு சந்தேகம் சார். விழுறதுக்கு முன்னால ஒன்றரை மணி நேரம் சர்வர் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கு. ஆளே வர்றதில்ல. அது ஏன்?"

"பாம்பு சீறும் முன்னால மூச்சை உள்ளே இழுக்கும் இல்லையா?" என்றார் ஸ்ரீவத்சன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பொறியாளர்களும் தத்தம் டீக் கோப்பையை உற்றுப் பார்த்தார்கள். சர்வர்களை இரண்டு மடங்காக்கப் பரிந்துரை எழுதுவது என்று முடிவாயிற்று. ஸ்ரீவத்சனின் 'துவாரபாலகன்' ஏற்கெனவே காவலுக்கு நின்றுகொண்டிருந்தது. வருகிறவர் மனிதரா, வேஷம்போட்ட எந்திரமா என்று பார்த்து உள்ளே விடும் மென்பொருள் அது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் என்பதுதான் அதன் பெருமை.

புதன்கிழமை காலை, வரவேற்பில் ஒரு அம்மாள் நகர மறுக்கிறாள் என்று கோமதிநாயகத்துக்குச் செய்தி வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முக்காடு, தோளில் ஒரு பை, கையில் போன்.

"நான் மெகர்பானு. ராமநாதபுரம் பக்கம் நரிப்பாலை ஊராட்சித் தலைவி. நீங்கதான் சர்வர் சாரா?"

"சர்வர் சார் இல்லம்மா. கோமதிநாயகம்."

"சரி சார். இதைப் படிங்க." போனை நீட்டினாள். திரையில், 'தங்களை மனிதர் என உறுதிசெய்ய இயலவில்லை' என்று பணிவாக எழுதியிருந்தது. "மூணு வாரமா இதைத்தான் சொல்லுது. நான் மனுசியா இல்லையான்னு நேர்லயே காட்டிட்டுப் போயிரலாம்னு பஸ் ஏறி வந்தேன். நல்லாப் பாத்துக்கங்க."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"எங்க ஊரு பூராவும் முண்டு மிளகாய் சார். நாத்து நட்டு நிக்கிது. ரெண்டு பெரிய மழை சுத்திச் சுத்திப் பேஞ்சுச்சு, எங்க தலையில விழல. இந்த வாரமும் விழலைன்னா நாத்து கருகிரும். அப்புறம் மழை வந்தா எருக்கஞ்செடிதான் குளிக்கும்."

அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நரிப்பாலையின் விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றும், சர்வர் ஈ ஓட்டும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்திருந்தது. ஒவ்வொன்றையும் துவாரபாலகன் வாசலிலேயே மடக்கியிருந்தான். கடைசியில் ஊரையே 'இயல்புக்கு மாறான வருகையாளர்' என்று பூட்டிவிட்டான்.

"ஏன்மா குறிப்பா இந்த நேரமாப் பாத்துப் போடுறீங்க?"

"வேற நேரத்துல உங்க சைட்டு எங்க தெறக்குது? சுத்திக்கிட்டே இருக்கும். இந்த நேரத்துலதான் காத்தாடுது. கூட்டமில்லாத நேரமாப் பாத்து ரேசன் கடைக்குப் போறதில்லையா, அந்த மாதிரித்தான். அது தப்பா?"

"தப்பில்ல. ஆனா ஆளில்லாத தெருவுல ஒருத்தர் மட்டும் நடந்தா நாய் குரைக்கும்ல? அந்த மாதிரி ஆயிருச்சு."

"நாய்க்குச் சோறு போடுறது நாங்கதானே சார்?"

கோமதிநாயகம் திரைப்பக்கம் திரும்பினார். துவாரபாலகன் பூட்டிய ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்தார். முந்நூற்றுக்குக் கிட்டே இருந்தது. கடற்கரையோரத்து மீனவர் குப்பங்கள், மலையடிவாரத்து ஊர்கள், பள்ளிவாசலைச் சுற்றிய ஊர்கள், சூளை வேலைக்குப் போய் இடைவேளையில் மட்டும் போனைத் தொட முடிகிறவர்களின் ஊர்கள். ஏதோ ஒன்று அவர் மூளையின் நுனியில் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. பொறியியல் படித்த மூளை; அதற்கும் ஒரு துவாரபாலகன் உண்டு.

பூட்டைத் திறக்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும். "நாளைக்குக் கேக்குறேன். தங்க இடம் இருக்காம்மா?"

"தங்கச்சி வீடு வண்ணாரப்பேட்டையில. நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன். மழையோடதான் ஊருக்குப் போவேன்."

வியாழன் பிற்பகல் அம்பலவாணனின் அறையில், புதிய சர்வர்கள் வாங்கும் ஆணை மேசைமேல் தயாராக இருந்தது. ஸ்ரீவத்சன் பக்கத்தில் நின்றார். கோமதிநாயகம், நரிப்பாலை விஷயத்தைச் சொல்லச் சமயம் பார்த்து எதிரில் நின்றார்.

அம்பலவாணன் பேனாவைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூடினார். தன் கல்லூரி நாட்களில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய கதையைச் சொன்னார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பையின் உயரத்தைக் கையால் காட்டினார். டீ வந்தது. குடித்தார். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும், ஒரு பெருமூச்சுடன் பேனாவைத் திறந்து காகிதத்தில் வைத்தார்.

பேனா முனை காகிதத்தைத் தொட்ட அதே நொடியில் கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் போன் அலறியது. சர்வர் விழுந்துவிட்டது.

கோமதிநாயகம் போனை எடுக்கவில்லை. பேனாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். திருநெல்வேலியில் அவர் அம்மா வியாழக்கிழமைகளில் ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை யாரையும் படி இறங்க விடாதது ஞாபகம் வந்தது. மூளையின் வாசலில் நேற்றிலிருந்து நின்றுகொண்டிருந்தது ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது.

"சார்," என்றார், "ராகு காலம்."

"என்ன?"

"ஏழுதலையும் அதான் சார். ராகு காலத்துல நல்ல காரியத்துக்கு யாரும் விண்ணப்பம் போட மாட்டாங்க. முடிஞ்ச நிமிஷம் நாடே ஒண்ணா வந்து பொத்தானை அமுக்குது. அந்நிய நாடும் இல்ல, நாகமும் இல்ல. எல்லாம் நம்ம ஆளுங்க."

ஸ்ரீவத்சன் வாயைத் திறந்தார். மூன்று கண்டங்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"நான் பகுத்தறிவுவாதி," என்றார் அம்பலவாணன் கண்டிப்பாக.

"அப்புறம் ஏன் சார் மூணு மணி வரைக்கும் காத்திருந்தீங்க?"

"பேனாவில் மை இறங்கல."

வெளியே வந்து கோமதிநாயகம் பொறியாளர்களிடம் சொன்னார். யாருக்கும் ஆச்சரியமில்லை. "தெரியும் சார்," என்றாள் ஜெனோவா என்ற பெண். "முதல் வாரமே தெரிஞ்சிருச்சு. நான் சொன்னா, வேதக்காரப் பொண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பாங்க." அடுத்த இருக்கைக்காரன் தலையைச் சொறிந்தான். "நான் சொன்னா ஜாதகம் பாக்குறவன்னு நினைச்சிருவாங்க சார். நான் பாக்குறவன்தான். ஆனா ஆபீஸ்ல தெரியக்கூடாதில்ல?"

தெரிந்த பத்துப் பேரும், தெரிந்தது தெரியக் கூடாதென்று டீக் கோப்பையைப் பார்த்திருந்தார்கள். அவர்களோடு, வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒருவனும் இருந்தான். துவாரபாலகனுக்குப் பஞ்சாங்கம் யாரும் சொல்லித்தரவில்லை. மனிதர்கள் வராத நேரம் ஒன்று உண்டு, அப்போது வருகிறவர் மனிதரல்லர் என்று அவனாகவே கண்டுபிடித்துக்கொண்டான்.

அன்று மாலை கோமதிநாயகம் தலைவரிடம் இரண்டு விஷயம் கேட்டார். முந்நூறு ஊர்களின் பூட்டைத் திறக்க வேண்டும். அடுத்ததாக, முந்திக் கேட்பவருக்கு முதல் மழை என்பதை விட்டுவிட்டு, நாள் முழுக்க வரும் விண்ணப்பங்களைச் சேர்த்துவைத்து, எந்த ஊர் மண் அதிகம் காய்ந்திருக்கிறதோ அதற்கு முதல் மேகம் தர வேண்டும். "அப்படி வெச்சிட்டா யாரும் அடிச்சுப் பிடிச்சு ஓடிவர வேண்டியதில்ல சார். சர்வரும் விழாது. புது மெஷினும் வேண்டாம்."

அம்பலவாணன் டீக் கோப்பையைத் திருப்பி, அதிலிருந்த வாசகத்தை அவருக்குக் காட்டினார். "இதை என்ன செய்யறது?"

"அதுல டீ குடிக்கலாம் சார்."

"பார்ப்போம்," என்றார். அரசாங்கத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

இதற்குள் ஸ்ரீவத்சன் தெளிந்துவிட்டார். "ஒரு யோசனை! அவங்கவங்க நட்சத்திரத்துக்கு ஏத்த நேரத்தை நாமளே கணிச்சு அனுப்பிடலாம். கூட்டம் பிரிஞ்சிடும். அதுக்கு ஒரு சின்னக் கட்டணமும் வெச்சா…"

"நரிப்பாலை மெகர்பானுவுக்கு என்ன நட்சத்திரம் சார்?" என்று கேட்டார் கோமதிநாயகம். அந்த யோசனை அத்தோடு மேசைக்கு அடியில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தொண்டிக்குக் கிழக்கே ஒரு நல்ல மேகத்திரள் சிக்கியிருப்பதாக எந்திரங்கள் தெரிவித்தன. கருமேகம், நிறைசூல். மதியத்துக்குள் ஓட்டாவிட்டால் காற்று திரும்பி அதை மன்னார் பக்கம் கொண்டுபோய்விடும். வரிசையில் நின்ற ஊர்களுக்கு அதைத் தரலாமே என்றால், அந்த வட்டாரத்தில் பூட்டில்லாத ஊருக்கெல்லாம் ஏற்கெனவே பெய்து முடிந்திருந்தது. இப்போது அங்கே காய்ந்து கிடந்தவை எல்லாம் பூட்டிய ஊர்கள்தாம்.

கோமதிநாயகம் பூட்டைத் திறக்கும் ஆணையைச் செருகிய அட்டைப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மெகர்பானு பின்னாலேயே வந்தாள். யார் தடுத்தும் நிற்கவில்லை.

அம்பலவாணன் பலகையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். வெள்ளிக்கிழமை.

"பன்னிரண்டு மணிக்கு மேல போடறேனே."

"மேகம் போயிரும் சார்."

"புரியுது, புரியுது. ஆனா…" அவர் குரல் இறங்கியது. கோப்பை வாங்கிய பேச்சாளரைக் காணோம். "எம்பொண்ணுக்கு நிச்சயம் பண்ணினது இந்த நேரத்துலதான். நான்தான் பிடிவாதமா, இதெல்லாம் பார்க்கக்கூடாதுன்னு சொல்லிச் செஞ்சேன். அது நின்னுபோச்சு. வீட்டில் இன்னிக்கும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்றாங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மெகர்பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், நீங்க போடுற கையெழுத்தால ஏதாவது கெட்டது வந்தா அது எங்க ஊருக்கு வரட்டும். நாங்க வாங்கிக்கிறோம். எங்களுக்கு இதைவிடக் கெட்ட நேரம் இனிமே வரப்போறதில்ல."

அவர் பேனா அசையவில்லை. கோமதிநாயகம் பலகையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். கேலி செய்து ஆகப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது வேண்டியது வாசலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து. அம்மாவிடம் சின்ன வயதில் ஆயிரம் முறை பேசிய பேச்சுதான்.

"சார், ராகு காலத்துல புதுசா ஆரம்பிக்கத்தானே கூடாது?"

"ஆமா."

"நீங்க இதை நேத்தே ஆரம்பிச்சிட்டீங்களே. மூணு மணிக்கு, நல்ல நேரம் பொறந்ததும், இந்தச் சர்வர் விஷயமா முதல் கையெழுத்துப் போட்டீங்க. என் கண்ணால பாத்தேன். இது அதோட தொடர்ச்சி."

அம்பலவாணனின் முகம் விடிந்தது. "தொடர்ச்சி," என்றார். சொல்லிப் பார்த்தார். "தொடர்ச்சிதானே?"

"தொடர்ச்சியேதான் சார்," என்றாள் மெகர்பானு உடனே.

போட்டுவிட்டார்.

கோமதிநாயகம் கீழே ஓடிப் பூட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தார். துவாரபாலகன் அதை ஏற்றுக்கொண்டு பணிவாகப் பதில் எழுதினான்: 'ஒப்புதல் பெறப்பட்டது. மதியம் 12.00 மணிக்குச் செயல்படுத்தப்படும்.'

"என்னண்ணே சொல்லுது?" சார் எப்போது அண்ணன் ஆனார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"ராகு காலம் முடியட்டும்ங்குது."

மெகர்பானு திரையைப் பார்த்தபடி நின்றாள். "மனுசனைக்கூட வழிக்குக் கொண்டாந்துட்டோம்."

மனிதரிடம் தொடர்ச்சி என்று சொல்லலாம். மகள் கதையைக் கேட்டு மனம் இளகலாம். இவனிடம் எதைச் சொல்வது? அந்தக் கட்டடத்திலேயே சந்தேகமில்லாத ஒரே பக்தன் இவன்தான். கோமதிநாயகம் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு துவாரபாலகனை மொத்தமாக நிறுத்திவிட்டார்.

"கதவே இல்லாம சர்வரா!" என்று கத்திக்கொண்டு வந்தார் ஸ்ரீவத்சன். "என்ன நடக்கும் தெரியுமா?"

"பன்னிரண்டு மணிக்கு விழும் சார். தினம் விழுறதுதானே?"

மெகர்பானு தன் போனில் நரிப்பாலைக்கு விண்ணப்பம் போட்டாள். சர்வர் காற்றாடியதால் நொடியில் ஏற்றுக்கொண்டது. பக்கத்து ஊராட்சித் தலைவர்களுக்கும் அவளே போன்போட்டு, "இப்பவே போடுங்க, நேரம் காலம் பாக்காதீங்க" என்று விரட்டினாள். தொண்டிக்குக் கிழக்கே எந்திரங்கள் மேகத்தைத் திருப்பின.

பன்னிரண்டுக்குக் கூட்டம் வந்தது, சர்வர் விழுந்தது, ஸ்ரீவத்சன் "பார்த்தீங்களா!" என்றார். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மெகர்பானுவின் போனைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் ஏதோ கத்தினார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தகரக் கூரையில் யாரோ கூடை கூடையாகக் கூழாங்கல் கொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் போனைக் கோமதிநாயகத்தின் காதில் வைத்தாள். பிறகு ஜெனோவாவின் காதில். பிறகு, கீழே எட்டிப்பார்க்க வந்த அம்பலவாணனின் காதிலும்.

"தொடர்ச்சி," என்றார் அவர், மெதுவாக.

சனிக்கிழமையே நரிப்பாலை மழைச் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. மெகர்பானு ஒளித்துப் பேசுகிறவள் அல்ல. கேட்ட தொலைக்காட்சிக்கெல்லாம், "கூட்டமில்லாத நேரத்துல போட்டோம், பேஞ்சுச்சு" என்று நடந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோதிடர் திரையில் தோன்றி அதற்கு விளக்கம் சொன்னார்: ராகு பாம்பல்லவா, மழைக்கும் பாம்புக்கும் ஆதியிலிருந்தே உறவு, ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றினால் பலன் இல்லையா? மழை கேட்க அதைவிட உகந்த நேரம் கிடையாது.

அடுத்த வியாழக்கிழமை சர்வர் மூன்று மணிக்கு விழவில்லை. ஒன்றரைக்கு விழுந்தது.

"நாகம் தலையை மாத்திக்கிச்சு," என்று ஸ்ரீவத்சன் புதிய திரையைத் தயார்செய்யப் போனார். கோமதிநாயகம் விழுந்த சர்வரின் முன் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, ஒரு வாரமாக மேசையில் கிடந்த 'காய்ந்த மண்ணுக்கு முதல் மேகம்' ஆணையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

அம்பலவாணன் படித்தார். டீக் கோப்பையைப் பார்த்தார். அதை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பேனாவைத் திறந்து, பழக்கம் விடாமல் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து.

"நல்ல நேரம்தான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.